ஆறாம் நம்பர் கதைக்குப் புள்ளி வைத்த மாஸ்டர்

துருக்கி மொழியில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட முதல் சொல் ஒரு கெட்ட வார்த்தை. அதை ஒரு கதை முழுக்க, பக்கத்துக்குப் பக்கம், மிக நேர்த்தியாக அச்சிட்டுக் கொடுத்தது எங்கள் அச்சகம்தான். இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் ஒரு விசையைத் தட்டி எந்த நாட்டு எழுத்தையும் வரவழைத்துவிடுகிறார்கள். நாங்கள் எழுத்தைக் கத்தியால் சுரண்டி உண்டாக்கியவர்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் தாராளமாகச் சிரிக்கலாம், நாங்களும் பிறகு சிரித்தோம்.

1. சுரண்டும் வேலை

எண்பதுகளின் கடைசியில், வடக்கு லண்டனில் ஸ்டோக் நியூவிங்டன் பக்கம் ஒரு சிறிய அச்சகத்தில் டைப்செட்டராகச் சேர்ந்தேன். முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். தெருவில் பாதி துருக்கிக் கடைகள், மீதி கோட் தைக்கும் ஃபாக்டரிகள். அதனால் எங்கள் மேசையில் தமிழ்க் கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் ஒரு பக்கம், துருக்கி உணவகங்களின் மெனு மறுபக்கம் கிடக்கும். எங்களில் ஒருவருக்கும் துருக்கி மொழி தெரியாது. முதலாளிக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

“விளங்கினால் வாசிச்சுக்கொண்டு இருப்பியள். விளங்காட்டித்தான் வேலை நடக்கும்” என்பார்.

முதல் வாரமே துருக்கியர் சங்கத்தின் செயலாளர் கெமால் பே தங்கள் பத்திரிகையோடு வந்தார். ‘பே’ என்பது நம்முடைய ‘ஐயா’ மாதிரி. அவர் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். அதனால் அவர் பேச்சை இங்கே எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

“தங்கச்சி, எங்களிட்டை ரெண்டு ‘ஐ’ இருக்குது. ஒண்டுக்குத் தலையிலை புள்ளி. மற்றது மொட்டை. உங்கடை மெஷினிலை மொட்டை இருக்கோ?”

இல்லை. எங்கள் மெஷினில் ஆங்கிலத்தின் புள்ளி வைத்த ஐ மட்டும்தான். ஆகவே நான் எல்லாவற்றையும் புள்ளியோடு அடிப்பேன். எழுத்து புரோமைட் என்ற வழவழப்பான படத்தாளில் வெளியே வரும். பிறகு கையெழுத்துப் படியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கெங்கே மொட்டை வேண்டுமோ அங்கெல்லாம் ஸ்கால்பெல் கத்தியின் நுனியால் புள்ளியைச் சுரண்டி எடுப்பேன். அதன் பின்தான் பக்கம் ஒட்டுவது. கழுத்தும் கண்ணும் போய்விடும்.

“ஒரு புள்ளிதானே, விட்டால் என்ன?” என்று ஒருநாள் கேட்டேன்.

கெமால் பே என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “விட்டால் என்ன நடக்கும் எண்டு ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு நான் சொல்ல ஏலாது” என்றார்.

2. பல வைத்தியர்

எங்கள் புரூஃப் ரீடர் பொன்னம்பலம் மாஸ்டர். பகலில் பெட்ரோல் ஷெட்டில் காசு வாங்குவார், பின்னேரம் எங்களிடம் வந்து தமிழ்ப் புரூஃப் பார்ப்பார். இரண்டு இடத்திலும் ஒரே டை.

நான் வருவதற்கு முன்பு அவர் மானத்தை வாங்கிய ஒரு சம்பவம் நடந்திருந்தது. தெற்கு லண்டனில் டூட்டிங் பக்கம் நம்மவர் ஒருவர் பல் வைத்தியசாலை திறந்தார். விளம்பரத்தில் ‘ல்’லின் புள்ளி எப்படியோ உதிர்ந்து, ‘பல வைத்தியர்’ என்று வந்துவிட்டது. கண்ணுக்கும் முழங்காலுக்கும் வைத்தியம் தேடிச் சனம் வந்து வரிசையில் நின்றதாம். ஒருவர் தன் மனைவியின் தைரொய்டுக்கே நேரம் கேட்டாராம். அன்றிலிருந்து மாஸ்டர் ஒரு டிராயிங் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். புள்ளி உதிர்ந்த எழுத்தைக் கண்டால் போதும், அவர் கை தானாகப் போய்விடும்.

“மெய்யெழுத்து வெறுந்தலையோடை நிண்டால் எனக்கு நித்திரை வராது, பிள்ளை” என்பார். நானும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அது துருக்கி வரைக்கும் போகும் என்று யார் கண்டது?

3. எங்கள் தகுதி

அடுத்த வருடம் கெமால் பேக்கு ஒரு யோசனை வந்தது. லண்டனில் உள்ள துருக்கிய எழுத்தாளர்களுக்கு ஒரு சிறுகதைப் போட்டி. அதுவும் விஞ்ஞானக் கதைகள் மட்டும்.

“ஏன் விஞ்ஞானக் கதை?” என்று கேட்டேன்.

“மற்றக் கதை கேட்டால் எல்லாரும் ஊரைப் பற்றியே எழுதி அழுவினம், தங்கச்சி. சந்திரனுக்குப் போனாலாவது வேறை ஏதும் எழுதுவினம்.”

சங்கத்தில் எல்லோருக்கும் எல்லோருடைய கையெழுத்தும் தெரியும். ஆகவே கதைகளை எங்களிடம் கொடுப்பது, நாங்கள் நம்பர் போட்டு டைப்செட் செய்து பிரதி எடுத்து கெமால் பே, ஒரு டொக்டர், ஒரு டீச்சர் அம்மா என்ற மூன்று நடுவர்களுக்கும் கொடுப்பது, பெயர்களைப் பரிசு நாள் வரைக்கும் நானே வைத்திருப்பது என்று ஏற்பாடு. “உங்களுக்கு எங்கடை ஆக்களையும் தெரியாது, பாஷையும் தெரியாது. இதைவிட நேர்மையான ஆக்களை நான் எங்கை தேட?” என்றார். வாழ்க்கையில் அறியாமைக்காக எனக்கு வேலை கிடைத்தது அந்த ஒரு தரம்தான்.

பன்னிரண்டு கதைகள் வந்தன. ஆறாம் நம்பரைக் கொண்டுவந்தவள் நெர்மின். எதிரே இருந்த ஃபாக்டரியில் கோட்டுக்குக் கொலர் தைப்பவள். சாப்பாட்டு நேரத்தில் வந்து, கோட்டுக்குள்ளிருந்து தாள்களை எடுத்து என் கையில் திணித்தாள்.

“கெமால் ஆபிக்குத் தெரியக்கூடாது” என்றாள். ஆபி என்றால் அண்ணன். கெமால் பே அவள் கணவனின் தமையன். ஞாயிற்றுக்கிழமை தோறும் குடும்பம் முழுக்க அவர் வீட்டில்தான் சாப்பாடு. இலக்கியம் பற்றி அவர் பேசுவார், நெர்மின் கோப்பை கழுவுவாளாம்.

“தெரிஞ்சால் என்ன செய்வார்?”

“சிரிப்பார். எனக்கு அதைத் தாங்க ஏலாது.”

என்ன கதை என்று கேட்டேன். சந்திரனில் ஒரு பெண் தனியாக இருந்து விண்வெளி உடைகளுக்குத் தையல் போடுகிறாள். தினமும் பூமியிலிருந்து, “நிலவரம் என்ன?” என்று வானொலியில் கேட்கிறார்கள். அவள் தினமும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறாள்: “அலுத்துப் போச்சு.” பூமியில் அதை அளக்க ஒரு கருவியும் இல்லை. ஆகவே அவர்கள் உதிரிப்பாகங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

துருக்கியில் அந்தச் சொல்லில் இரண்டு மொட்டை ஐ கிட்டக் கிட்ட வருகின்றன, கடைசியில் இன்னொன்று. நான் ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். ஆறாம் நம்பரைக் கடைசியாகத்தான் ஒட்டி முடித்தேன். மகனுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பக்கங்களை லைட் பாக்ஸ் மேலேயே விட்டுவிட்டு ஓடினேன். மறுநாள் வந்தபோது முதலாளி பிரதி எடுத்து அனுப்பியே விட்டிருந்தார்.

4. ஆர் இந்த ஆறு?

அடுத்த கிழமை கெமால் பே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். டையின் முடிச்சு காதடிக்குப் போயிருந்தது.

“ஆறாம் நம்பர் ஆர்? பேரைச் சொல்லு!”

“பரிசு நாளிலைதான் சொல்லலாம். நீங்கள்தானே சொன்னீங்கள்?”

“பரிசோ! ஊத்தைக் கதை! சந்திரனிலை ஒரு பொம்பிளை இருந்துகொண்டு, பூமிக்குச் சொல்லுற சொல்லைப் பார்! வயசு போன டீச்சர் அம்மா ரெண்டாம் பக்கத்திலையே கண்ணாடியைக் கழட்டி வைச்சிட்டா. இந்த ஆளை நான் சங்கத்துக்குள்ளை விடமாட்டன். குடும்பத்தையும் கூப்பிட்டுக் கேப்பன்!”

ஆறாம் நம்பரின் குடும்பமே அவர்தான். கூப்பிட்டுக் கேட்க வேண்டுமானால் அவர் தன்னையேதான் கூப்பிட வேண்டும்.

“மற்ற நடுவர் என்ன சொல்லுறார்?” என்று பேச்சை மாற்றப் பார்த்தேன்.

“அந்த டொக்டரோ? அவருக்கு விசர். கதை முழுக்க ஒரு மொட்டை ஐ கூட இல்லையாம். எதிர்காலத்திலை அந்த எழுத்தே அழிஞ்சுபோகும் எண்டு எழுத்தாளர் காட்டுறாராம். முதல் பரிசு குடுக்கோணுமாம்!”

மொட்டை ஐ கூட இல்லையா? நான் சுரண்டிய விரலில் இன்னும் காய்ப்பு இருந்தது. அலுமாரியிலிருந்து நான் ஒட்டிய மூலப் பக்கங்களை எடுத்துச் சரித்துப் பார்த்தேன். புரோமைட் எழுத்தின் கறுப்பு ஒரு மாதிரி, புள்ளிகளின் கறுப்பு இன்னொரு மாதிரி. ஒவ்வொரு மொட்டைத் தலையிலும் டிராயிங் பேனாவால் வைத்த அழகான, உருண்டையான புள்ளி. அந்தப் புள்ளிகள் ஏறித்தான் ‘அலுத்துப் போச்சு’ கெட்ட வார்த்தையாகியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் மூலையில் இருந்து முகம் மலர எழும்பினார்.

“கண்டிட்டியோ? நீ அந்தரப்பட்டு ஓடின நாள் நான்தான் வைச்சனான். பாதிப் புள்ளி விழுந்து கிடந்தது, பிள்ளை. பாவம், அவையளின்ரை போட்டி எண்டு ஒண்டும் விடாமல் வைச்சுவிட்டனான்.”

முதலாளி உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கெமால் பேக்கு விஷயத்தை விளக்கினேன். அவர் நம்பவில்லை. ஆளை மறைக்க நாங்கள் கதை விடுகிறோமாம்.

“ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் கூடுறம். ரெண்டு பேரும் வந்து அவையளுக்குச் சொல்லுங்கோ. அவை நம்பாட்டி நீ பேரைச் சொல்லோணும். இல்லாட்டி எங்கடை பத்திரிகை வேறை அச்சகத்துக்குப் போகும்.”

சாப்பாட்டு நேரத்தில் எதிர் ஃபாக்டரிக்குப் போய் நெர்மினிடம் சொன்னேன்.  அவள் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: “சொல்லுவியோ?”

“பத்திரிகை போனால் போகட்டும்” என்றேன். முதலாளி தெருவுக்கு அந்தப் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததால் சொல்ல முடிந்த வீரம் அது. ஆனாலும் மனதாரத்தான் சொன்னேன்.

5. குற்றியலுகரம்

மாஸ்டர் புது டை கட்டிக்கொண்டு வந்தார். சங்கத்தில் டொக்டர், கெமால் பே, கண்ணாடியைக் கழற்றிய டீச்சர் அம்மா மூவரும் இருந்தார்கள். டீச்சர் அம்மாவின் பெயர் சுஹெய்லா. அந்த மொட்டை ஐயை எப்படி உச்சரிப்பது என்று மாஸ்டர் கேட்க, அவர் சொல்லிக் காட்டினார். மாஸ்டருக்குக் கண் விரிந்தது.

“அட, இது எங்கடை குற்றியலுகரம்! ‘நாடு’, ‘காசு’ எண்டு சொல்லேக்கை கடைசியிலை வாயைக் குவிக்காமல் விடுற அந்தக் குட்டி உகரம்!” பிறகு என்னிடம் இரகசியமாக: “பழைய இலக்கணத்திலை அதுக்கும் மேலை புள்ளி உண்டு, பிள்ளை. அப்ப நான் வைச்சது முழுப்பிழை எண்டு சொல்ல ஏலாது.”

“மாஸ்டர், இதை மட்டும் நான் மொழிபெயர்க்கமாட்டன்” என்றேன்.

நெர்மினின் கையெழுத்தைக் காட்ட முடியாது. ஆகவே நான் ஒட்டிய மூலப் பக்கங்களைக் கொண்டுபோயிருந்தேன். சுஹெய்லா அம்மாவின் முன்னாலேயே ஈரப் பஞ்சால் மாஸ்டரின் புள்ளிகளைத் துடைத்தேன். மை கரைந்தது, கீழே என் கத்திக் கீறல் தெரிந்தது. அந்த அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டி, முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். “அலுத்துப் போச்சு” வரும் இடத்தில் முதலில் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. மூன்றாம் தரம் வந்தபோது அவர் குரல் இறங்கிவிட்டது. கடைசியில் அந்தப் பெண் மிச்சத் துணியில் ஒரு திரைச்சீலை தைத்து, பூமி தெரியும் யன்னலை மூடிவிட்டுத் தூங்கப் போகிறாள். வாசித்து முடித்த பிறகு கெமால் பே மூக்கைச் சிந்தினார்.

டொக்டருக்கு மட்டும் பெரிய ஏமாற்றம். அவர் வியந்த புதுமை எங்கள் மாஸ்டருடையது. “இவருக்கு ஒரு ஆறுதல் பரிசாவது குடுக்கலாமே” என்றார்.

பரிசு நாளன்று மேடையில் நின்று ஆறாம் நம்பரின் பெயரை வாசித்தேன். முதல் பரிசு இரண்டு ஐயும் உள்ள ஒரு துருக்கி டைப்ரைட்டர். அதை ஏந்திக்கொண்டு நின்ற கெமால் பே, நெர்மின் எழுந்து வருவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். துருக்கியில் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். மண்டபம் சிரித்து, சட்டென்று அடங்கியது. சுஹெய்லா அம்மா எங்களுக்கு மொழிபெயர்த்தார்.

அவர் கேட்டது: “இத்தனை வருஷம் எங்கடை மேசையிலை இருந்தனி. ஒருநாளாவது ஒரு வார்த்தை சொன்னியோ?”

அவள் சொன்னது: “கதை முழுக்க ஒரே வார்த்தையைத்தானே சொன்னனான், ஆபி. நீங்கள் அதை ஊத்தை எண்டு சொன்னீங்கள்.”

 கூட்டம் முடிந்ததும் கெமால் பே டைப்ரைட்டரைத் தானே தூக்கிக்கொண்டு அவள் வீட்டுப் படியேறினார். கனமான சாமான் அது.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு படியில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால், நிரப்புவதற்கு முன் எழுதியவரைக் கேளுங்கள். அது குறை இல்லாமலும் இருக்கலாம்.

சில மாதம் கழித்து நெர்மின் அடுத்த கதையை டைப் செய்தே கொண்டுவந்தாள். மாஸ்டர் தாள்களைப் புரட்டினார். கை சட்டைப் பைக்குப் போனது, பாதியில் நின்றது.

“பிள்ளை, இதிலை ஏதும் விழுந்து கிடக்கோ எண்டு அவவைக் கேளன்.”

கேட்டேன். நெர்மின் சிரித்தாள்.

“இல்லையெண்டு சொல்லு. எல்லாம் நான் வைச்ச இடத்திலைதான் இருக்கு.”