கறுப்பு வயர் கடைசியில்

ஆயுத பூஜை வந்தால் எனக்குக் கோபம் வரும். தெருவெல்லாம் வண்டிகளுக்கு மாலை போட்டுப் பொரி கடலை தின்றுகொண்டிருக்கும்போது நான் மட்டும் யார்மீதாவது எரிந்து விழுந்துகொண்டிருப்பேன். கல்யாணமான புதிதில் என் கணவர் காரணம் கேட்டுப் பார்த்தார். இப்போதெல்லாம் அன்று ஒருநாள் வாயைத் திறப்பதில்லை. காரணம் ஒரு கார் பேட்டரி என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பா கத்தாரில் வேலை பார்த்தார். வருடத்துக்கு ஒருமுறை, ஆடி மாதம், விடுப்பில் வருவார். கீழே தூண்களுக்கு நடுவில் எங்கள் வெள்ளைக் கார் நிற்கும். எங்கள் கார் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். அது அம்மாவின் வீட்டில் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்தது. திருவண்ணாமலைப் பக்கம் அவர்களுக்கு அரிசி ஆலை இருந்தது. மூட்டை ஏற்றும் மினி லாரியையே ஓட்டி வளர்ந்தவள் அம்மா. லைசென்ஸ் அம்மாவிடமும் இருந்தது, அப்பாவிடமும் இருந்தது. காரின் இடது பக்கத்தில் இருந்த கீறல்கள் மட்டும் முழுக்க அப்பாவுக்குச் சொந்தம்.

விடுப்பு முடிந்து கிளம்பும் அன்று அப்பா பேட்டரியின் வயர்களைக் கழற்றிவைப்பார். அதை அவர் செய்கிற அழகே தனி. வண்டியை அணைத்து, சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்; வேலை முடிந்த பிறகுதான் அதை வீட்டு ஆணியில் மாட்டுவார். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் கொடுப்பார். ஸ்பேனரும் மோதிரமும் ஒன்றாகப் பட்டுத் தொலைத்தால் விரல் வெந்துவிடும் என்பார். முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. கழன்ற வயர்கள் தாமாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளாமல் பழைய பனியனைச் சுற்றி ஓரமாக ஒதுக்குவார். மாட்டும்போது இதற்குத் தலைகீழ், சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். காரின் தகரம் முழுக்கக் கறுப்பு வயரோடு சேர்ந்தது, கறுப்பை மாட்டிவிட்டுச் சிவப்பை முடுக்கினால் ஸ்பேனர் எங்கே இடித்தாலும் பொறி பறக்கும் என்று எனக்குப் பாடம் நடத்துவார். அத்தனையும் சரியான பேச்சு. அதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம். ஒரு பொய்யை அந்த மனுஷன் இவ்வளவு சுத்தமாகச் செய்தார்.

அந்த ஆடியில் அவர், ஓடாமல் நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று வழக்கம்போலச் சொன்னபோது, படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்த அம்மா கேட்டாள்.

"நான் ஓட்டினா இறங்காதுல்ல?"

அப்பா தலையைத் தூக்கவே இல்லை. "பாப்பா, டார்ச்ச நேரா புடி" என்றார் என்னிடம். நானும் நேராகப் பிடித்தேன்.

புரட்டாசியில் அம்மாவுக்கு வேலை கிடைத்தது. ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்கு எழுதும் வேலை. படித்து முடித்து எத்தனையோ வருடம் கழித்து, அவளே விண்ணப்பம் போட்டு, அவளே போய்ப் பேசி வாங்கிய வேலை. ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி அன்று, நல்ல நாளாக வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லியிருந்தார்கள். பூந்தமல்லியில் பஸ் மாறி ஆவடி போய்த் திரும்பினால், என் பள்ளி விடும் நேரத்துக்கு அவளால் வர முடியாது. காரில் என்றால் வந்துவிடலாம். அதை நம்பித்தான் சரி என்று சொல்லியிருந்தாள். அப்பா போனில், குழந்தையை யார் பார்ப்பது, பஸ்ஸில் எப்படி அலைவாய் என்று உருகினார். கார் இருக்கிறதே என்றாள் அம்மா. பேட்டரியைத் தொடாதே, ஷாக் அடிக்கும் என்றார் அப்பா. அந்தப் பேட்டரியைத் தொட்டால் யாருக்கும் ஷாக் அடிக்காது என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

மெக்கானிக்கை அழைத்துத் திருட்டுத்தனமாக மாட்டிக்கொள்ள அம்மாவுக்கு மனமில்லை. அப்பா வீட்டு ஆளே வந்து மாட்டவேண்டும் என்று நினைத்தாள். அதற்குத் தோதாக ஆயுத பூஜை வந்தது.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, முத்தாபுதுப்பேட்டையில் இருந்தார். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். அப்பாவின் சார்பில் காருக்குப் பூஜை போட வருடாவருடம் அவர்தான் வருவார். சந்தனம், குங்குமம் வைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல் வண்டியை ஏற்ற வேண்டும். முந்தைய வருடங்களில் அவரும் வாட்ச்மேனும் வண்டியைத் தள்ளியே பழத்தை நசுக்கினார்கள். அந்த வருடம் அவர் தள்ளக் கையை வைத்ததும் அம்மா மெதுவாக ஆரம்பித்தாள்.

"பூஜ போட்ட வண்டிய பொணம் மாதிரி தள்ளினா வீட்டுக்கு ஆகுமா தம்பி? போன வருஷம் தள்ளினோம். அப்புறம்தான் உங்க அண்ணன் அங்க காய்ச்சல்ல படுத்தாரு."

சித்தப்பாவுக்குப் பகீர் என்றது. "அதுவும் கரீட்டுதான் அண்ணி. தோ, ரெண்டு நிமிசத்துல மாட்டிடறேன்" என்று ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

வீட்டு வயரிங்கில் நியூட்ரலை முதலில் கொடுத்து, கரண்ட் வரும் வயரைக் கடைசியில் முடுக்கிப் பழகிய கை அது. கறுப்புதான் நியூட்ரல் என்று முதலில் அதை மாட்டினார். சிவப்புதான் முதலில் என்று நான் கத்தினேன். உன் அப்பனுக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று சொல்லிக்கொண்டே சிவப்பை முடுக்கினார். ஸ்பேனரின் மறுமுனை தகரத்தில் இடித்தது. படார் என்று பொறி பறந்தது. ஸ்பேனரை வீசிவிட்டுத் துள்ளினவர், விரலை வாயில் வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல இன்னாவோ கீது அண்ணி. தள்ளியே உட்லாம்."

அம்மா வளையல்களைக் கழற்றிப் பூஜைத் தட்டில் வைத்தாள். தாலிச் சரடை முதுகுப் பக்கம் தள்ளி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். நல்ல நாளும் அதுவுமாக வளையலைக் கழற்றாதீர்கள் என்று சித்தப்பா பதறினார். உங்கள் அண்ணன் மோதிரத்தைக் கழற்றும்போது சும்மாதானே நின்றீர்கள் என்று கேட்டுவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா எப்படிடி பண்ணுவாரு? வரிசையா சொல்லு."

சொன்னேன். சித்தப்பா மாட்டிய கறுப்பை முதலில் கழற்றித் துணியைச் சுற்றினாள். சிவப்பை மாட்டி அசையாமல் முடுக்கி, அதன் மூடியை மூடினாள். கடைசியில் கறுப்பு. தொட்ட இடத்தில் சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். வளையலைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி இருமி, முனகி, கிளம்பியது. நான் ஓடிப்போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு, போதும் அண்ணி, நிறுத்துங்க என்றார். அம்மா நிறுத்தவில்லை. கேட்டில் கட்டியிருந்த வாழைக்கன்று கண்ணாடியில் உரசியது, வெளியே வந்துவிட்டோம். பூந்தமல்லி தாண்டி, லாரிகளுக்கு நடுவில் புகுந்து, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரை ஒரே ஓட்டம். மாலை காற்றில் பிய்ந்து பூவெல்லாம் கண்ணாடியில் ஒட்டியது. எனக்கு ஒரே குதியாட்டம். அம்மா சிரிக்கிறாளா என்று பார்த்தேன். அவள் முகத்தில் கோபம்தான் இருந்தது. திரும்பும்போது மட்டும், நாளைக்கு இப்படியே ஆவடிக்குப் போய்விடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலை புதுப் புடவை கட்டி, சாப்பாட்டு டப்பாவோடு கீழே இறங்கினாள். சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. காரின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தோம். பேட்டரி இருந்த இடம் காலியாக இருந்தது. விடியும்போது உங்கள் கொழுந்தனார் ஆட்டோவில் வந்து எடுத்துப்போனார் என்று வாட்ச்மேன் சொன்னார். காருக்கு இன்னொரு சாவி உண்டு என்பதும், அது சித்தப்பாவிடம் இருக்கிறது என்பதும் அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன் போட்டாள். "பொறி பட்டு பேட்டரி கெட்டுப் போச்சி அண்ணி. சரி பண்ண குட்துகீறேன். நாளாவும்" என்றார் சித்தப்பா.

அன்று ஒருநாள் ஆட்டோவில் போயிருக்கலாம். மறுநாள்? அதற்கு மறுநாள்? புதுப் பேட்டரி வாங்கிப் போட்டால் அதையும் தூக்கிப்போகத்தான் இன்னொரு சாவி இருக்கிறதே. அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து தொழிற்சாலைக்குப் போன் செய்தாள். வரவில்லை என்று சொன்னாள், காரணம் சொல்லவில்லை. மேலே வந்து புடவையை மாற்றிக்கொண்டு டப்பாவில் இருந்த சாப்பாட்டை என் தட்டில் போட்டாள். அப்பா மதியம் கூப்பிட்டு, பேட்டரி போச்சாமே பாப்பா, அதற்குத்தான் தொடாதே என்றேன் என்றார். பாவம், அவருக்கு எவ்வளவு வருத்தம் என்று நினைத்தேன். அம்மா இனிமேல் வீட்டிலேயே இருப்பாள் என்பதில் எனக்குச் சந்தோஷம் வேறு.

அடுத்த ஆடியில் அப்பா வந்த மறுநாளே சித்தப்பா அதே பேட்டரியைச் சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். மாதம் தவறாமல் சார்ஜ் ஏற்றி, துடைத்து, பத்திரமாக வைத்திருந்தாராம். ஒரு பேட்டரியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். அப்பா மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். சாவியைத் திருப்பியதும் ஒரே மூச்சில் வண்டி கிளம்பியது. "பாத்தியா பாப்பா" என்றார். நான் கைதட்டினேன். கெட்டுப்போன பேட்டரி எப்படி இப்படிக் கிளம்பும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அம்மா கைதட்டவில்லை. கீறல் விழுந்த இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குக் கார் என்றால் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.