கியர்பாக்ஸிடம் கேட்ட மன்னிப்பு

கொல்லிமலை வளைவில் என் கிழங்கு லாரி கிளட்ச் எரிந்து நின்றுவிட்டது. முன்பு யாரோ கியர்பாக்ஸைக் கோணலாக மாட்டியிருந்ததுதான் காரணம். வழி அடைபட்டு, பின்னால் ஒரு பஸ் காத்திருந்தது.

செம்மேட்டிலிருந்து வந்த மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் கட்டியிருந்தார். இரும்போடும் மரியாதையாகப் பேசுவார். புது கிளட்ச் தட்டைப் பொருத்திவிட்டு, ஜாக்கி மேலிருந்த கியர்பாக்ஸிடம், "கொஞ்சம் உள்ள போங்க சாமி" என்று கெஞ்சினார். அது அசையவில்லை. நானோ முதலிலிருந்தே அதைக் கடப்பாரையால் நெம்பியபடி கண்டபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, வையாதீங்க. கும்பிட்டு மன்னிப்புக் கேளுங்க" என்றார் மெக்கானிக்.

பஸ்ஸே வேடிக்கை பார்க்க, கடப்பாரையைக் கீழே போட்டுக் கைகூப்பினேன். அவர் லேசாகத் தள்ளியதும் கியர்பாக்ஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"மன்னிச்சிருச்சுங்களா?"

"இல்லீங்க. நீங்க நெம்புனதுலதான் கோணிக்கிட்டு நின்னுச்சு."

"அதை நேராச் சொல்லியிருக்கலாமே!"

"மூணு தடவை சொன்னனுங்க."

சொல்லியிருப்பார். திட்டிய வேகத்தில் எனக்கு ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை.