அப்பாவின் நாலு கட்டை

என் அண்ணன் செத்து முப்பதாவது நாள் பூசையில் அப்பாவின் குரல் உடைந்தது. மகன் போன துக்கத்தில் உடைந்தது என்று கோயிலில் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். துக்கமெல்லாம் இல்லை. சுருதி எட்டவில்லை. பக்கத்தில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும்.

அண்ணன் செத்தது எங்கள் திராட்சைத் தோட்டத்தில். காலையில் மருந்தடிக்கப் போனவன் பந்தலுக்கடியில் விழுந்து கிடந்தான். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தவன் இல்லை. தேனிக்குக் கொண்டுவரும் வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் தேனியில்தான் குடியிருக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினேன். வண்டிக்குள் அவன் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று எங்கே என்று கத்தினேன். செத்தவனுக்குச் செருப்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர் இறங்கி வண்டிக்குள் தேடினார்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி. அங்கே கிறிஸ்தவக் கோயிலில் விசேஷப் பாட்டு என்றால் எங்கள் வீடுதான். அப்பா பாடுவார். அண்ணன் கீபோர்டு. சித்தப்பா தபலா. நான் தாளம் தட்டுவேன்.

எனக்குத் தாளம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் நானும் பாடினேன். அப்பாவுக்கு நாலு கட்டை சுருதி. அது ஆண்களுக்கு உயரம். ஊரில் பாடுகிறவர்கள் பாதிப் பேர் ரெண்டு கட்டையைத் தாண்ட மாட்டார்கள். அப்பா நாலில் நின்றுகொண்டு அதற்கு மேலும் ஏறி இறங்குவார். என் குரல் கனமான குரல். மேலே போனால் கிழிந்துவிடும். பாட்டுப் பழகும் இடத்தில், "ரெண்டு கட்டைக்கு இறக்குங்கப்பா, பாடிருவேன்" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒனக்காகச் சாமி எறங்கி வருவாரா? எட்டலைன்னா வாய மூடிக்கிட்டுத் தாளத்தத் தட்டு" என்றார் அப்பா.

குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அன்றோடு நான் பாடவில்லை. கல்யாணமாகித் தேனிக்கு வந்தபிறகு கீபோர்டு பழகிக்கொண்டேன். இங்கே எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாசிக்கிறேன். பாடச் சொன்னால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுவேன். ஊருக்குப் போகும்போது மட்டும் பழையபடி தாளம். அண்ணன் இருக்கும்போது என்னைக் கீபோர்டில் யார் உட்காரச் சொல்லப் போகிறார்கள்?

சாவு நடந்த வீட்டில் முப்பதாவது நாள் பூசை வரைக்கும் எங்கள் குடும்பத்தில் வாத்தியம் எடுக்க மாட்டார்கள். ரேடியோகூடப் பாடாது. அண்ணன் கீபோர்டு உறைக்குள்ளேயே கிடந்தது. அப்பாவும் முணுமுணுக்கக்கூட இல்லை. ஆனால் துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"முப்பதுக்கு எம் மகனுக்கு நான் பாடுறேன். நாலு கட்டையில பாடித்தான் அனுப்புவேன்."

அவர் மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று உண்டு. அண்ணனுக்கு அதுதான் உயிர். பூசையின் மற்றப் பாட்டுகளை ஊர்ப் பாடகற் குழு பாடும், நற்கருணை வாங்கி முடிந்ததும் அந்த ஒரு பாட்டை மட்டும் நாங்கள் பாடுவது என்று சாமியாரிடம் பேசியாயிற்று. கீபோர்டு நான். முப்பது நாளில் அப்பா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோன நாட்கள்தான் அதிகம். அந்தப் பாட்டுக்காகத்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

பழகிப் பார்க்காமலே போய் உட்கார்ந்தோம். முப்பது வருஷமாகக் கேட்ட பாட்டு, பழக என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

சுவிட்சைப் போட்டேன். அப்பா மைக் முன்னால் நின்றார். சித்தப்பா தபலாவை மடியருகே இழுத்துக்கொண்டார். முன் வரிசையில் அண்ணி வெள்ளைச் சேலையில். நாலு கட்டையில் ஆரம்ப இசையைத் தொடங்கினேன். சித்தப்பா சட்டென்று திரும்பி என்னை முறைத்தார். தபலா என்னோடு ஒட்டாமல் எங்கோ கிடந்தது. நான் வேகமாகப் போகிறேன் போலிருக்கிறது என்று கையைக் கொஞ்சம் நிதானப்படுத்தினேன். அவர் இன்னும் முறைத்தார்.

அப்பா எடுத்தார். முதல் வரி எப்படியோ போனது. கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாவது வரி மேலே ஏறும். ஏறினார். குரல் இரண்டாகப் பிளந்து வெறும் காற்று வந்தது. இருமினார். மறுபடி எடுத்தார். மறுபடியும் காற்று. மூன்றாவது தடவை வாயைத் திறந்தார், ஒன்றுமே வரவில்லை. தன் தொண்டையைத் தானே கையால் தொட்டுப் பார்த்தார், யாருடையதோ என்பது போல.

என் விரல்கள் நின்றுவிட்டன. போன கிறிஸ்துமஸுக்கு இதே பாட்டை இதே மனிதர் சர்வ சாதாரணமாகப் பாடினார். நான்தான் தாளம் தட்டினேன். அதற்குள் ஒருவருக்குக் குரல் இப்படிச் செத்துப்போகுமா?

அப்போதுதான் அண்ணி எழுந்தாள். புருஷன் செத்து முப்பதாவது நாள். முன் வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள். எழுந்து, கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நேராக எங்களிடம் வந்தாள். என் தோளுக்கு மேல் கையை நீட்டி, கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. சின்னத் திரையில் மைனஸ் மூன்று என்று வந்தது.

அந்தப் பொத்தானை எனக்குத் தெரியும். கீபோர்டு வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். விரல் அதே நாலு கட்டையில்தான் இருக்கும். வெளியே வருவது ரெண்டு கட்டை. ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு படி இறங்கும்: மூன்று, ரெண்டரை, ரெண்டு.

அப்பாவுக்குப் பொத்தான் தெரியாது. மைக்கை வாயருகே பிடித்தபடியே கேட்டார்.

"ஏத்தா, என்னத்த அமுக்குன?"

ஸ்பீக்கரில் கேட்டது. அண்ணி பக்கத்தில்தான் நின்றாள். அவள் சொன்னதும் ஸ்பீக்கரில் கேட்டது.

"அவுக எப்பவும் அமுக்குறதுதான் மாமா. சுருதிய இறக்குறது."

சாமியார் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அப்பா கீபோர்டைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தபலா ஏன் ஒட்டவில்லை என்று அந்த நொடியில்தான் எனக்கு விளங்கியது. அவர் ரெண்டு கட்டைக்குச் சுதி கூட்டிக் கொண்டுவந்திருக்கிறார். அவருக்கும் தெரியும்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. ஒவ்வொரு தடவையும் பாட்டுக்கு முன்னால் அண்ணன் எதையோ அமுக்குவதைப் பார்த்திருக்கிறேன். சத்தத்தை மாற்றுகிறான் என்றுதான் நினைத்தேன். எனக்கு இறக்காத சுருதி, சாமியே வந்தாலும் இறங்காத சுருதி, அப்பாவுக்கு மட்டும் அவர் காதுக்கே தெரியாமல் இறங்கியிருக்கிறது. நான் கேட்ட அதே ரெண்டு கட்டைக்கு. திரும்ப மூன்று தடவை அமுக்கி மேலே ஏற்றிவிடலாமா என்று தோன்றியது. விரல் பொத்தான்மேல் இருந்தது. பாடட்டும், நாலு கட்டையில் பாடி அனுப்பட்டும் என்று.

அப்பா என் கையைப் பார்த்தார்.

"அவன் வச்ச எடத்துலயே வாசி" என்றார்.

வாசித்தேன். அப்பா பாடினார். முழுப் பாட்டையும் பாடினார். மேலே ஏறும் வரி சுலபமாக வந்தது. அது சுலபமாக வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மகனுக்காக அழாத மனிதர், அந்த வரியில் கண்ணைத் துடைக்காமல் அப்படியே நின்று பாடினார்.

சாமியார் கல்லறையை மந்திரித்து முடித்ததும் வீட்டுக்கு வந்து பந்தி போட்டார்கள். நான் சித்தப்பாவை வாசலில் மடக்கினேன்.

"எத்தன நாளா?"

"கொரோனா வந்து படுத்து எந்திரிச்சாருல்ல, அப்ப இருந்து. மூச்சு நிக்கல. மொதல்ல ஒரு கட்டைதான் இறக்குனான். பெறகு அப்படியே…"

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீயும் அந்தப் பொட்டியத்தான வாசிக்கிற. ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். ஒங்க அண்ணியும் அப்படித்தான் நெனச்சிருக்கும். நீ நாலுல எடுக்கவும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு புள்ள."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சாவு வீட்டுல பாட்டப் பத்தி எவன் பேசுவான்?"

பந்தியில் அத்தை ஒருத்தி எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "மைக்குல வந்து சொல்லணுமா இத? நல்ல மருமக" என்றாள். "அந்தப் புள்ள வராட்டி பாட்டே வந்திருக்காது. நீக வந்து பாடியிருப்பீகளோ?" என்றேன். அத்தை அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்தாள்.

அப்பா சாப்பிடவில்லை. உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணியைக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"ஆர்மோனியம் எங்கன?"

பழைய ஆர்மோனியம். கொரோனாவுக்குப் பிறகு ரீடு உடைந்துவிட்டது, மதுரையில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அண்ணன் கொண்டுபோனான். திரும்ப வரவே இல்லை. அதற்காக அப்பா அவனை எத்தனை திட்டு திட்டியிருக்கிறார். சோம்பேறி, பொறுப்பில்லாதவன், தகப்பன் சொத்தைத் தொலைத்தவன். அவன் சிரித்துக்கொண்டே நிற்பான்.

"தோட்டத்துல மோட்டார் ரூம்ல இருக்கு மாமா" என்றாள் அண்ணி. "ரீடெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

ஆர்மோனியத்தில் பொத்தான் கிடையாது. நாலு கட்டையை அமுக்கினால் நாலு கட்டைதான் கேட்கும். அப்பா ஒரே ஒரு தடவை அதோடு சேர்ந்து பாடியிருந்தால் தெரிந்துபோயிருக்கும். அதனால் அவன் அதை மருந்து டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுத் திட்டை வாங்கிக்கொண்டிருந்தான். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அவன்மேல் அவ்வளவு கோபம். அப்பாவுக்காக இவ்வளவு செய்தான், நான் இறக்கச் சொல்லிக் கேட்ட அன்று எனக்கு அவன் சிரிப்பு மட்டும்தான் கிடைத்தது.

சித்தப்பா வண்டியில் போய் எடுத்துவந்தார். சாக்கைப் பிரித்து, மருந்து வாடையோடு கட்டிலில் வைத்தார். முப்பது முடிந்துவிட்டது, வாத்தியம் எடுக்கலாம். அப்பா துருத்தியைத் தள்ளி நாலு கட்டையை அமுக்கினார். வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்தார். வரவில்லை. மூன்றுக்கு வந்தார். வரவில்லை. ரெண்டில் விரலை வைத்தார். வந்தது. அங்கேயே விரலை வைத்திருந்தார்.

"இங்கனதான நீ கேட்ட?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. கட்டையைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. இத்தனை வருஷமும் மறந்துவிட்டார் என்று நினைத்துத்தான் அவர் வீட்டில் சோறு தின்றேன்.

"ஆமா. இங்கனதான் கேட்டேன்."

"வருசப் பூசைக்கு இந்தப் பாட்ட நீ பாடு."

"மாட்டேன்."

"ஏன்?"

"இத அவன் இருக்கையில சொல்லியிருக்கணும். அவன் வாசிச்சிருப்பான். நான் பாடியிருப்பேன்."

கத்துவார் என்று நின்றேன். வாயை மூடு என்று சொல்லுவார், நானும் திருப்பிக் கொடுக்கலாம் என்று நெஞ்சில் முப்பது வருஷத்துக்கான வார்த்தை வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. "செரி" என்றார். துருத்தியை மறுபடி தள்ளி, அதே கட்டையில் பாட்டை முதலிலிருந்து எடுத்தார். இரண்டாவது வரி ஏறும் இடம் வந்ததும் பாடாமல் நிறுத்தினார். விரலை மட்டும் எடுக்கவில்லை. சுருதி அங்கேயே நின்றது. அவரும் காத்திருந்தார்.

நான் பாடவில்லை. அறையை விட்டுப் போகவும் இல்லை.