இரண்டு கேப்டன், ஒரே ஒரு முதல் இலை

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் புக்கிட் ரம்பாய் வீட்டு ஹாலில் இரண்டு விமானிகள் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தலையணை. இருவரும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவி ஓடவில்லை.

"அத்தை... அந்த ரிமோட்டைக் கொஞ்சம் எடுத்துத் தரச் சொல்லுங்க."

ரிமோட் எங்கே இருந்தது? இன்னொருவரின் முழங்காலுக்குப் பக்கத்தில். நான் எங்கே இருந்தேன்? சமையலறையில், கையில் மசாலாவோடு!

இருவரும் என் மாப்பிள்ளைகள். பெரியவள் மாலதியின் கணவர் சரவணன் — காற்றாடி வைத்த சின்ன விமானங்கள் ஓட்டும் கம்பெனியில் கேப்டன். சின்னவள் கவிதாவின் கணவர் குணசீலன் — பெரிய ஜெட் விமானக் கம்பெனியில் கேப்டன். படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இரண்டு பைலட் மாப்பிள்ளைகளா என்று கண் வைக்காதீர்கள். வாராவாரம் என்னைப் படிப்பவர்களுக்குத் தெரியும்... வானம் லேசாக இருட்டினாலே போதும், நான் இரண்டு பேருக்காகச் சேர்த்துப் பயப்பட வேண்டும்.

சரி, ஏன் பேச்சுவார்த்தை இல்லை?

இந்த இரண்டு கம்பெனியும் இப்போது ஒன்றாகிவிட்டன. கம்பெனி ஒன்று... சங்கம் மட்டும் இரண்டு! விமானிகளில் யார் சீனியர் என்று ஒரு பட்டியல் உண்டாம். எந்த விமானம், எந்த ஊர், எப்போது லீவு, கேப்டனின் இடது நாற்காலியா, கோ-பைலட்டின் வலது நாற்காலியா — எல்லாமே அந்த வரிசைப்படிதான். இப்போது இரண்டு பட்டியலை ஒன்றாக்க வேண்டும். எப்படி? வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பார் என்கிறது பெரிய மாப்பிள்ளையின் சங்கம். ஜெட் ஓட்டியவர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால் என்கிறது சின்ன மாப்பிள்ளையின் சங்கம்.

பட்டியலைப் பற்றி எதிர்ச் சங்கத்து ஆட்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் உத்தரவு. பட்டியலைப் பற்றித்தான். ரிமோட்டைப் பற்றிப் பேசலாம்! ஆனால் ஆண்பிள்ளைகள் கோபத்தை மட்டும் அரைகுறையாகச் செய்வார்களா?

மசாலாவை வதக்கிக்கொண்டே மாலதி மெல்லச் சொன்னாள்.

"அம்மா, அவருக்கு லெட்டர் வந்திருச்சும்மா. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து கோ-பைலட். தோள்ல இருக்கிற நாலு கோட்டுல ஒண்ணைக் கழட்டணும்."

"தற்காலிகமாத்தானே?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க. எவ்வளவு நாளைக்குத் தற்காலிகம்னு எழுதலையே... நேத்து யூனிபார்ம் சட்டையை அவரே அயர்ன் பண்ணாரும்மா. என்னைத் தொடவே விடல."

பதினான்கு வருஷம் ஓட்டி வாங்கிய கோடு அது. அதைக் கழற்றிவிட்டு யார் பக்கத்தில் உட்கார வேண்டி வருமோ? என் சின்ன மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டால்? விமானத்தில் நடுவே தலையணை வைக்க இடம் இருக்குமா?

அன்றைக்குப் பார்த்து வீட்டில் முனீஸ்வரர் படையல். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆட்டுக்கறியோடு. எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் — சாமிக்குப் படைத்து முடித்ததும் முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்கு. வயதில் மூத்தவர் அல்ல, மூத்த பெண்ணைக் கட்டியவர். குணசீலன் சரவணனைவிட மூன்று வயது பெரியவர். இருந்தாலும் அவர்தான் சரவணனை 'அண்ணே' என்று கூப்பிட வேண்டும். ஏன்? சரவணன் இந்த வீட்டில் சேர்ந்த தேதி முந்தி!

புரிகிறதா என் தலைவலி?

சரவணனுக்கு முதல் இலை போட்டால், "சேர்ந்த தேதிதான் கணக்கு" என்று அவர் சங்கத்துக்கு நானே ஓட்டுப் போட்ட மாதிரி. குணசீலனுக்குப் போட்டால் — வேலையிடத்தில் கோடு போகிறது, மாமியார் வீட்டில் இலையும் போகிறதா என்று சரவணன் நொந்துபோவார்.

"ரெண்டு இலையையும் ஒரே நேரத்துல போடுங்கம்மா, ஈஸிதானே?" என்றாள் கவிதா.

ஈஸியா? இரண்டு இலைக்கும் ஒரே நேரத்தில் கறி வைக்க இரண்டு கையும் வேண்டும். இடது கையால் யாருக்குப் பரிமாறுவது? அதற்கு ஒரு பட்டியல் போட வேண்டாமா?

யோசித்து யோசித்து, கடைசியில் என் மூளை ஒரு வேலை செய்தது. முதல் இலையை என் வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலதிக்குக் கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டுப் படையலில் அவருக்கு முதல் இலை கிடைத்ததே இல்லை. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நல்லி எலும்பை எடுத்தார். உறிஞ்சினார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டிக்கும் கேட்டிருக்கும்.

மாப்பிள்ளைகள் இருவரும் சுவரோரம் நின்று பார்த்தார்கள். ஒரு நல்லி... இரண்டு நல்லி... மூன்றாவதற்குக் கை போனபோது குணசீலனால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, இது நியாயமா?"

என்னிடம் இல்லை. நேராக, சரவணனிடம்!

"நியாயத்தை விடுங்க குணா. நம்ம ரெண்டு பேரும் முறைச்சிக்கிட்டு நின்னா மாமா ஏன் விடப்போறாரு?"

"என்ன மாப்பிள்ளைங்களா, முணுமுணுப்பு?" என்று இலையிலிருந்து தலையைத் தூக்கினார் என் வீட்டுக்காரர். "சேர்ந்த தேதின்னு பாத்தா இந்த வீட்டுக்கு நான்தான் ஃபர்ஸ்ட். என்னை யாராச்சும் லிஸ்ட்ல சேர்த்தீங்களா? பேசாம நில்லுங்க லா!"

சரவணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குணசீலனுக்கும். சிரித்து ஓய்ந்த பிறகு சரவணன் கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"குணா... என் கோட்டைக் கழட்டச் சொன்னது உங்க சங்கம்தானே?"

"யாரு அண்ணே அப்படிச் சொன்னது?"

"கம்பெனி லெட்டர்லயே இருக்கே!" என்று போனை நீட்டினார் சரவணன். கடிதம் இங்கிலீஷில். கவிதா எட்டிப் பார்த்து எனக்குத் தமிழில் சொன்னாள்: 'உங்களை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் எங்களுக்கு விருப்பம். எதிர்ச் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.'

குணசீலன் முகம் மாறியது. தன் போனை எடுத்தார். அவர் ஆட்களுக்கு லீவைக் குறைத்து வந்த கடிதம். 'உங்களுக்குக் கொடுக்கத்தான் எங்களுக்கு விருப்பம். எதிர்ச் சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.'

அதே சாக்கு. சங்கத்தின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"எங்க ஆளுங்க யாரையும் இறக்கச் சொல்லல அண்ணே. இப்ப கேப்டனா இருக்கிறவங்க அப்படியே இருக்கட்டும், இனிமே வர்ற சீட்டுக்குத்தான் லிஸ்ட்னு எழுதிக் கொடுத்தோம்."

"அட, நாங்களும் அதையேதான் எழுதிக் கொடுத்தோம்!"

பார்த்தீர்களா? யார் முதல் என்று இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கும்போது, மூன்றாவது ஆள் உட்கார்ந்து நல்லியை உறிஞ்சிவிடுகிறார். என் வீட்டுக்காரராவது குழம்பை மிச்சம் வைத்தார்...

அப்புறம் யாருக்கு முதலில் இலை போட்டேன்? எனக்கு ஞாபகமே இல்லை. அவர்களும் கவனிக்கவில்லை. இருவரும் வலது கையில் சோற்றைப் பிசைந்துகொண்டு, இடது கையில் போனைப் பிடித்து அவரவர் சங்கத்து ஆட்களோடு கத்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் இரண்டு சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. பட்டியல் சண்டை தீர்ந்ததா? எங்கே! அது இன்னும் பல மாதம் ஓடுமாம். ஆனால், 'இருக்கிற கேப்டன் யாரையும் இறக்கக் கூடாது' என்று ஒரே தாளில் இரண்டு சங்கமும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டன. கம்பெனி இனிமேல் யாரைக் காட்டிச் சாக்கு சொல்லும்?

முந்தாநாள் சரவணன் போன் செய்தார்.

"அத்தை, லெட்டரை வாபஸ் வாங்கிட்டாங்க. நாலு கோடும் அப்படியே இருக்கு."

குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. நானும் போனை வைத்துவிட்டு அழுதேன். மாலதிக்குப் போன் போட்டேன், அவளும் அழுதாள். சாமிக்கு ஒரு சூடம் ஏற்றினேன். நிம்மதியாக உட்கார்ந்தேன்... ஐந்து நிமிஷம்.

பிறகு டிங் என்று ஒரு சத்தம். மாப்பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். முதல் செய்தி: "அத்தை, ஆட்டுக்கறியில் இனிமேல் உப்பைக் குறைக்கவும். இது எங்கள் இருவரின் கூட்டுக் கோரிக்கை."

இத்தனை நாளும் ஒருவர் குறை சொன்னால் இன்னொருவரைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இனி எப்படி?

யோசித்துப் பார்த்தால்... இந்த உலகத்தில் இன்னும் சங்கமே இல்லாத வேலை மாமியார் வேலை ஒன்றுதான்!