இடப்பக்கத்து வைப்பர்

எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. இப்படிச் சொல்லித்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள் என்பது தெரியும், நீங்கள் உதட்டைச் சுழிப்பதும் தெரிகிறது. ஆனால் என் விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. அப்போது நம்பாமல் இருந்தது நாலு புத்தகம் படித்த திமிரில். இப்போது நம்பாமல் இருப்பது வேறு வழியில்லாமல். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

என்னிடம் ஒரு பழைய இங்கிலீஷ் கார் இருக்கிறது. கண்டி மஹய்யாவையில் எங்கள் தெருக்காரர்கள் அதைக் கார் என்று சொல்வதில்லை, "சேர்ட சாமான்", அதாவது வாத்தியாருடைய சாமான், என்பார்கள். அந்தச் சாமானில்தான் வருஷக்கணக்காகத் தெல்தோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். நான் தமிழ் வாத்தியார். வழியில் பேராதனையில் குணம் மாஸ்டரை ஏற்றிக்கொள்வேன். அவர் கணக்கு வாத்தியார், யாழ்ப்பாணத்து ஆள், இடப்பக்கத்து முன் சீட் அவருக்கென்றே பிறந்தது போல் உட்காருவார்.

கலஹா ரோட்டில் மழை பிடித்தால் எங்கள் வைப்பர் தண்ணீரைத் துடைக்காது, கண்ணாடி முழுக்கப் பரப்பி விநியோகம் செய்யும். அதற்குக் குணம் மாஸ்டரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. வெற்றிலையோடு போடுகிற புகையிலையில் ஒரு துண்டைக் கிள்ளி நனைத்து, இறங்கிப்போய்க் கண்ணாடியில் தேய்ப்பார். தண்ணீர் துளிதுளியாய் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

"எங்கட ஊர்ப் புகையிலை, ஐசே. மழையே தலை சுத்தி விழும், பாரும்."

ஆனால் மனிதர் தன் பக்கத்துக்கு மட்டும்தான் தேய்ப்பார். என் பக்கத்துக்கும் கொஞ்சம் தேய்த்தால் என்ன என்று கேட்டேன்.

"நீர் ரோட்டைப் பாத்து ஓடுறதாய் எனக்கு இவ்வளவு நாளும் தெரியேல்லை. நான் பாத்துச் சொல்லுறன், நீர் திருப்பும்."

உண்மையைச் சொன்னால், அப்படித்தான் ஓட்டினோம். அவர் பார்ப்பார், நான் திருப்புவேன்.

யுத்த காலத்தில் ஒரு மழை நாளில், பள்ளி விட்டு வரும்போது, ஒரு வளைவில் ஆமிக்காரர்கள் காரை மறித்தார்கள். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். பிறந்த இடம் என்ற வரியில் எனக்குக் கண்டி என்றிருந்தது, அவருக்கு வேறு இருந்தது. கொஞ்சம் கதைத்துவிட்டு அனுப்புகிறோம் என்று சிங்களத்தில் வெகு மரியாதையாகச் சொன்னார்கள். குணம் மாஸ்டர் இறங்கும்போது திரும்பி, "ஐசே, வைப்பரை நிப்பாட்டாதையும், பிறகு வேலை செய்யாது. வாறன்," என்றார்.

நான் நிறுத்தவில்லை. பட்டரி செத்து, அது தானாக நின்றது. அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் மனைவி ராஜேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு நான் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லாக் கந்தோரிலும் உட்காரக் கதிரை போட்டார்கள், பதில் மட்டும் போடவில்லை. அந்தப் பயணங்களில் ராஜேஸ்வரி அந்த முன் சீட்டில்தான் உட்காருவார். அவர் இருந்த இடத்தில் இருப்பது ஒரு ஆறுதல், அண்ணை, என்று ஒரு தடவை சொன்னார். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, எல்லாம் இருந்தபடி இருந்தன.

வருஷங்கள் போயின, யுத்தமும் முடிந்தது. கடைசியில் ஒரு கந்தோரில் பதில் போல ஒன்று சொன்னார்கள். இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைத்தால் மரணச் சான்றிதழ் தருவார்களாம், அதைக் காட்டினால் மற்ற அலுவல்கள் நடக்குமாம். ராஜேஸ்வரி என்னிடம் வந்தார்.

"அண்ணை, கடைசியாக் கண்டது நீங்கள்தானே. நீங்கள் சொல்லுங்கோ. வைக்கவோ, வேண்டாமோ?"

நாளைக்குப் பள்ளி விட்டு வரும்போது சொல்கிறேன் என்றேன். வாத்தியார் புத்தி. விடை தெரியாவிட்டால் நாளைக்கு என்போம்.

அன்று பின்னேரம் டவுனுக்கு வைப்பர் வாங்கப் போனேன். வலப்பக்கத்து ரப்பர் கிழிந்து தொங்கியது, இடப்பக்கத்தில் ரப்பரே இல்லை, வெறும் தகரம். கடை முதலாளி ஒரு முஸ்லிம் மனிதர், கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, நீளம் ஒன்று, கொக்கி ஒன்று என்று மேசை நிறையப் பரப்பினார்.

"இது சைனா, ஒரு மழைக்குத் தாங்கும். இது ஜப்பான், நீங்க தாங்குற வரைக்கும் தாங்கும். சேர்ட வாகனத்துக்குக் கொக்கி மட்டும் மாத்தணும். ஜோடியாவே போடுங்க."

"வலப்பக்கம் மட்டும் போதும்."

"ஒத்தையாப் போடக்கூடாது சேர். இடப்பக்கம் ஆரும் வாறல்லியா?"

"இல்ல. யாரும் வரமாட்டாங்க."

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என்னவென்று எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக எந்தக் கந்தோரிலும் சொல்லாத தீர்ப்பை ஒரு வைப்பர் கடையில் சொல்லிவிட்டேன். சரி, சொல்லியாயிற்று, நாளைக்கு ராஜேஸ்வரியிடமும் கையெழுத்து வைக்கச் சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்துகொண்டு, ஒற்றை ஜப்பானோடு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பள்ளி விட்டுக் கிளம்பும்போதே மலை இருட்டிக்கொண்டு வந்தது. பட்டப்பகல்தான், ஆனால் விளக்குப் போட வேண்டியிருந்தது. கொஞ்ச தூரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. வைப்பரைப் போட்டேன். என் பக்கத்துப் புது ரப்பர் பயங்கரமாகத் துள்ளிக்கொண்டு கண்ணாடியில் கோடுகோடாய் இழுத்தது, ரோடு ஒன்றும் தெரியவில்லை. இடப்பக்கத்தில் வெறும் தகரம், கண்ணாடியைக் கீறிக் கிழித்திருக்க வேண்டும். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், சத்தமே இல்லை. அரை வட்டமாக, கழுவித் துடைத்த தட்டுப் போல, அந்தப் பக்கம் துலக்கமாகத் தெரிந்தது. நான் இடப்பக்கமாகச் சரிந்து, ஆளில்லாத சீட்டின் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துத் திருப்பித் திருப்பி ஓட்டினேன். காருக்குள் புகையிலை மணம்.

ஓரமாக நிறுத்திவிட்டு மழையில் இறங்கினேன். இடப்பக்கத்துக் கண்ணாடியைத் தொட்டேன். வழுவழுவென்றிருந்தது. விரலில் மண்ணிறமாய் ஒட்டியது. மோந்து பார்த்தேன். எனக்கு அப்போது வெற்றிலை பழக்கமில்லை, என் வீட்டில் ஒருவருக்கும் இல்லை. தேயிலைக்கு நடுவில் ஒரு ஈ காக்கை இல்லை.

பிறகு ஒரு நாள் அந்தக் கடைக்குப் போய், நீங்கள் ஏதாவது பூசினீர்களா என்றும் கேட்டேன். "புகையிலையா? நான் வைப்பர் விக்கிற மனிசன் சேர். அதைப் பூசிக் குடுத்தா என்கிட்ட ஆரு வருவா?" என்றார். நியாயம்தான்.

எனக்கு அந்த மழையில் பேய்ப் பயம் வரவில்லை. வந்தது வேறு. இது அவர்தான் என்றால் அவர் செத்துவிட்டார். எங்கோ ஒரு கூண்டில் நரைத்துப்போய் இருக்கிறார் என்று வைத்திருந்த அந்த ஒரு துளி நம்பிக்கையும் போயிற்று. ஒரு அத்தாட்சியும் இல்லாத நேரம் செத்தார் என்று சொல்லத் துணிந்தவன், அத்தாட்சி விரலில் ஒட்டியதும் ரப்பரைக் குறை சொன்னேன், காற்றைக் குறை சொன்னேன். மனிதன் நம்பாமல் இருப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது!

பேராதனையில் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது ராஜேஸ்வரி குடையோடு நின்றார். நான் வைப்பரை நிறுத்தினேன். இரண்டுக்கும் ஒரே மோட்டார், இதை எந்த மெக்கானிக்கிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வலப்பக்கம் படுத்துக்கொண்டது. இடப்பக்கம் மட்டும் இன்னும் ஒரு தடவை போய் வந்தது.

ராஜேஸ்வரி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கமாக வந்து குனிந்தார்.

"அண்ணை, நீங்கள் புகையிலை போடத் தொடங்கிட்டியளோ?"

"ஆமா," என்றேன். "இப்பத்தான், சும்மா." அந்தப் பொய்யைக் காப்பாற்ற அன்று பிடித்த புகையிலைச் சனியன் இன்னும் என்னை விடவில்லை. "கையெழுத்து வைக்காதீங்க தங்கச்சி. பொறுங்க. ஆள் வந்துரலாம்."

ராஜேஸ்வரி, கோயிலுக்குப் போக வேண்டும், இறக்கிவிடுங்கோ என்றார். நான் எட்டி இடப்பக்கத்து முன் கதவைத் திறந்துவிட்டேன். அவர் அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பது போல அந்தக் கதவைச் சாத்தினார்.

பின் கதவைத் திறந்து, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

குங்குமம் இன்னும் இருக்கிறது. கையெழுத்தைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் கேட்டதே இல்லை. இன்றைக்கும் என் காரில் வந்தால் பின் சீட்டில்தான் வருகிறார்.