பூனைக்கும் ஒரு கிளாஸ்

எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தன் பெயரில் ஒரு கிளாஸ் இருந்தது. எனக்கு இல்லை.

பூனை குட்டி போட்ட மறுநாள் என் வீட்டுக்காரர் பாலும் பிராந்தியும் கலந்து, மேலே ஜாதிக்காய் துருவிப் போட்டு, அதற்குப் 'பிள்ளை பெத்தவ' என்று பெயரும் வைத்தார். பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எதிர்வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர்தான் குடித்தார். ரிட்டயர்டு மனிதர், எதைக் கொடுத்தாலும் குடிப்பார். நானும் இரண்டு பிள்ளை பெற்றவள்தான். அந்த இரண்டு தடவையும் இவர் நடுக்கடலில் இருந்தார், எனக்கு வந்தது பிள்ளைக்கு ஒரு ஃபோன். அன்று மொட்டை மாடியில் எல்லோரும் சிரித்தார்கள் என்று நானும் சிரித்தேன்.

அவர் பயணிகள் கப்பலில் மதுக் கலக்கும் வேலை பார்த்தவர். வேலையை விட்டு ராமநாதபுரத்துக்கே திரும்பி வந்தபோது, துணிமணியைவிட அதிகமாகக் கொண்டு வந்தது கண்ணாடிக் கிளாஸ்களும் ஒரு எவர்சில்வர் ஷேக்கரும்தான். நான் அதற்குக் குலுக்குச் செம்பு என்று பெயர் வைத்தேன். பிள்ளைகள் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டார்கள். நான் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் பாடம் எடுக்கப் போய்விடுவேன். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாத மனிதர் என்ன செய்வார்? நல்ல நாள், கெட்ட நாள், ஒன்றுமில்லாத நாள் எல்லாவற்றுக்கும் ஒரு கலவை கண்டுபிடித்தார்.

தீபாவளிக்கு ஆரஞ்சுத் தோலைத் தீக்குச்சிக்கு நேரே பிடித்துப் பிழிவார். தோலில் இருக்கும் எண்ணெய் சடசடவென்று பொறி பறக்க எரிந்து ரம்மின் மேல் விழும். பொங்கலுக்குக் கரும்புச் சாறும் இஞ்சியும் சோடாவும் சேர்ந்து கிளாஸை விட்டுப் பொங்கி வழிய வேண்டும், வழியாவிட்டால் மறுபடி ஊற்றுவார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாளில் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து ஜின்னில் விடுவார். நீலமாக இருப்பது எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாறும். கரண்ட் போனால் கடுங்காப்பியும் ரம்மும் கலந்த ஒரு கறுப்புக் கிளாஸ். ஸ்டேஷன் மாஸ்டருக்குப் புதினாவும் வெள்ளரியும் போட்ட 'பச்சைக் கொடி'. அவர் கண் ஆபரேஷன் முடிந்து வந்த அன்று தண்ணீர் போலத் தெளிந்த இன்னொன்று. எனக்குப் பிடிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அழகாகத்தான் இருக்கும். அதுதான் என் கோபமே.

நான் குடிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் கடைசியாக என் பக்கம் ஒரு கிளாஸ் வரும். "உனக்கும் அதேதான், சரக்கு மட்டும் இல்ல" என்பார். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டரின் பச்சைக் கொடியிலிருந்து ஜின்னைக் கழித்தால் நான். தீபாவளியிலிருந்து ரம்மைக் கழித்தால் நான். மற்றவர்களுக்குப் போட்டதில் ஒன்றைக் கழித்தால் வருவதுதான் என் பங்கு.

குடிக்காதவளுக்குத் தனியாக என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் மனதைத் தேற்றி வைத்திருந்தேன், என் நாத்தனார் கிளாஸ் வரும்வரை. இவருடைய அக்கா, இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரும் குடிப்பதில்லை. ஆனால் அவருடைய பிறந்தநாளுக்கு இளநுங்கை நசுக்கி, நன்னாரியும் பன்னீரும் விட்டு, மேலே ரோஜா இதழ் ஒன்று மிதக்கவிட்டு இவர் கொண்டு வந்தார். சரக்கே கிடையாது. யாருடையதிலிருந்தும் எதையும் கழிக்கவில்லை. முழுக்க முழுக்க அவருக்கென்றே யோசித்துச் செய்தது. அதற்கு 'அக்கா கிளாஸ்' என்று பெயர். அதன்பிறகு மாடிக்கு வந்தால் போதும், "தம்பி, என் கிளாஸு எங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார். அந்த 'என்' எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

எனக்கென்று ஒரு கிளாஸ் வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் செய்து தந்திருப்பார் என்றும் தெரியும். ஆனால் கேட்டு வாங்கினால் அது என் கிளாஸ் ஆகாது.

இதில் இன்னொரு எரிச்சலும் உண்டு. அது ஐஸ் சமாச்சாரம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர். குழாயைத் திறந்தால் வருவது போர்வெல் தண்ணீர், உப்பு. அதில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீர், அது வருகிற நாளில் பிடித்துக் குடத்தில் மூடி வைத்துக்கொள்ள வேண்டும். பிடிப்பது நான். இவர் வந்த முதல் வாரத்திலேயே ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டுகளை நல்ல தண்ணீரால் நிரப்ப ஆரம்பித்தேன். காலியானால் நிரப்புவேன், மறுபடி காலியானால் மறுபடி. இவர் திறந்து பார்க்கும்போது ஐஸ் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கப்பலில் ஐஸ் மெஷினிலிருந்து வந்து விழும், இங்கே ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறது.

ஒருநாள் ஸ்டேஷன் மாஸ்டர் கிளாஸைத் தூக்கிப் பார்த்து, "ஐஸு எம்புட்டுத் தெளிவா இருக்கு!" என்றார்.

"எல்லாம் கைப்பக்குவம் சார்" என்றார் இவர். "கப்பல்ல கத்துக்கிட்டது."

நான் பஜ்ஜித் தட்டை டொக்கென்று வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

எங்கள் கல்யாண நாள் வந்தது. வெள்ளி விழா வருடம் வேறு. முந்தின நாள் சாயங்காலமே இவர், "இப்ப இருந்து நாளைக்கு முடியிற வரைக்கும் நீ அடுப்படிப் பக்கமே வரக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். இந்தத் தடவை தப்பிக்க முடியாது, எனக்குத்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். கடுகு நிறச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். உள்ளே வத்தல் வறுபடும் நெடி. பிறகு ஐஸைத் துண்டில் கட்டிச் சப்பாத்திக் கட்டையால் அடிக்கும் சத்தம். முந்தின நாள் ராத்திரியே, "தட்டெல்லாம் காலியா இருக்கே!" என்று அவர் முனகியதுகூடக் கேட்டிருந்தது. வரக் கூடாது என்று சொல்லிவிட்டதால் நான் எழுந்து போகவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் மனைவியாக ஒரே ஒரு நாள் இருந்தேன்.

சாயங்காலம் மாடியில் நாத்தனாரும் ஸ்டேஷன் மாஸ்டரும் வந்து உட்கார்ந்ததும் தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். நான்கு கிளாஸ். பழுப்பு நிறம், மேலே பொடித்த ஐஸ் குவியல், அதன் உச்சியில் ஒரு முண்டு மிளகாய் வத்தல், உருண்டையாக, சிவப்பாக.

"இது யாருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

"காரத்தப் பாத்தா டீச்சருக்குத்தேன்" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்கும் நிஜமாகவே சிரிப்பு வந்தது.

புளியும் கருப்பட்டியும் எலுமிச்சையும். கருப்பட்டி, சாயல்குடியிலிருந்து என் அண்ணன் கொடுத்து அனுப்புவது. முண்டு வத்தல், தயிர்ச்சோற்றுக்கு நான் வறுத்துக் கடித்துக்கொள்வது. இந்த மனிதர் சாப்பிடும்போது டிவியைத்தான் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டரின் கிளாஸைக் காட்டி, "சார், உங்களுக்கும் அதேதான், கொஞ்சம் ரம் மட்டும் கூட" என்றார். கேட்டீர்களா? என்னுடையதோடு கூட்டினால்தான் இனி அவருக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வாய் குடித்தேன். புளிப்பு, இனிப்பு, கடைசியில் தொண்டையில் ஒரு சுள்.

நாத்தனாரும் குடித்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"தம்பி, என் கிளாஸ விட இதுதேன் நல்லாருக்கு. இனிமே எனக்கும் இதையே போடு."

"அதுக்கென்னக்கா, போட்டாப் போச்சு" என்றார் இவர்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! இருபத்தைந்து வருடம் காத்திருந்து கிடைத்தது முழுதாக ஒரு வாய்கூட உள்ளே இறங்கவில்லை. அதற்குள் பங்கு. ரோஜா இதழும் வேண்டும், முண்டு வத்தலும் வேண்டும் என்றால் எப்படி? "மதினி, உங்களுக்குக் காரம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருல்ல" என்றேன், முடிந்தவரை இனிமையாக.

"அது கெடக்குத்தா, ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது" என்று இன்னும் ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். காற்று அடித்தது, ஐஸ் கரைந்தது. மூன்றாம் வாய்க்கு நாத்தனார் முகம் கோணியது.

"ஏலே தம்பி, என்ன இது, உப்புக் கரிக்குது?"

ஸ்டேஷன் மாஸ்டர் மரியாதைக்காக விழுங்கிவிட்டு, கிளாஸைக் கீழே வைத்தார். எதைக் கொடுத்தாலும் குடிக்கிற மனிதர். இவர் தன் கிளாஸை எடுத்துக் குடித்தார், ஐஸை மட்டும் வாயில் போட்டுப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. அத்தனை வருடக் கப்பல் வேலையில் ஒரு வெள்ளைக்காரன்கூட அவர் கொடுத்ததைக் கீழே வைத்ததில்லையாம், அடிக்கடி சொல்வார்.

"ஐஸு... ஃப்ரிட்ஜுல ஏதும் கோளாறா?" என்று என்னைப் பார்த்தார். "போன வாரம் வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

"எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"கொழாத் தண்ணி."

"போன வாரம் வரைக்கும் நான் ஊத்துனேன்" என்றேன்.

நாத்தனார் தம்பியைப் பார்த்தார், தம்பி தட்டைப் பார்த்தார். குடிக்கிற தண்ணீரைக் குடத்தில் மொண்டு குடிக்கத் தெரிந்தவருக்கு, ஐஸும் தண்ணீர்தான் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். "எம்புட்டு நாளா நீ ஊத்துற?" என்று கேட்டார்.

"நீங்க கப்பல விட்டு இறங்குனதுல இருந்து."

ஸ்டேஷன் மாஸ்டர், தன் வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் இருக்கிறது என்று எழுந்து போனார். நாத்தனார் தன்னுடையதைத் துளசித் தொட்டியில் ஊற்றப் போய், துளசிக்கு ஆகாது என்று நினைத்துச் சாக்கடைப் பக்கம் ஊற்றினார். இவர் என் கிளாஸுக்குக் கையை நீட்டினார்.

"குடு, மாத்திப் போட்டுத் தாரேன்."

"வேணாம்."

"உப்புக் கரிக்குதுடி."

"தெரியும்."

மோரில் உப்புக் கூடிப்போன மாதிரி இருந்தது, அவ்வளவுதான். வத்தலைக் கடித்துக்கொண்டே, அடியில் தங்கிய கருப்பட்டியைக் கரண்டியால் வழித்து, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் ஒரு வாய் கேட்கவில்லை.

இப்போது ஐஸ் தட்டுகளை அவர்தான் நிரப்புகிறார், குடத்திலிருந்து மொண்டு, சிந்தாமல். காவிரித் தண்ணீர் வருகிற அன்று குடமும் தூக்குகிறார். நாத்தனாருக்கு முண்டு வத்தல் கிளாஸ் நல்ல ஐஸில் தவறாமல் போகிறது, அதை அவர் 'என் கிளாஸு' என்றே கேட்டு வாங்குகிறார். கேட்கட்டும். ஃப்ரிட்ஜில் தனியாக ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அதற்கு மட்டும் குழாயைத் திறந்து நானே உப்புத் தண்ணீர் பிடித்து வைக்கிறேன். அது என்னுடையது, அதில் யாரும் பங்குக்கு வருவதில்லை.