அவள் முறை வரும்போது

லிஃப்ட் அண்ணன் மாடி மாடியாக ஏறி லிஃப்ட் பழுது பார்ப்பவர். கதவிடுக்கில் காதை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஞாயிறு மதியம் மட்டும் அவர் வாள்வீரர். சலவைக்கடையின் பின்னறையில், இஸ்திரி மேசைமேல் வரைபடத்தை விரித்து, பகடை உருட்டி நாங்கள் ஆடும் கதை விளையாட்டில்.

ஆட்டத்தை நடத்துவது கடைக்காரர். பூதமும் அவரே, மழையும் அவரே. அண்ணனின் மனைவிதான் எங்கள் மந்திரக்காரியாக இருந்தவர். அண்ணி இறப்பதற்கு முன் ஆடிய கடைசி ஆட்டத்தில், வரைபடத்தில் கணவரின் வீரனாக நிற்கும் பொம்மைமேல் ஒரு மந்திரத் தடுப்பு போட்டிருந்தார். அடையாளத்துக்குக் கடையின் பொத்தான் டப்பாவிலிருந்து ஒரு நீலப் பொத்தானைப் பொம்மையின் காலடியில் வைத்தார். யோசிக்கும்போது பொத்தானைக் கடிப்பது அவர் வழக்கம். ஓரத்தில் பல் பதிந்திருக்கும்.

எங்கள் மேசையின் சட்டப்படி, அடி வந்தால் முதலில் பகடை உருட்டவேண்டும். பூதத்தின் எண்ணைத் தாண்டினால் அடி விலகிப்போகும், தடுப்பு அப்படியே இருக்கும். தவறினால், தடுப்பு இல்லாத வீரன் சாவான்; இருந்தால் தடுப்பு அடியை வாங்கிக்கொண்டு அழியும். மறுபடி போடவேண்டுமென்றால், போட்டவர் தன் முறையில்தான் போடமுடியும்.

அண்ணனுக்குத் தன் வீரன் சாவதைவிட அந்தப் பொத்தான் போய்விடுமோ என்றுதான் பயம்.

கடைக்காரருக்கு ஒரு பழக்கம் விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அண்ணியின் முறை வரும்போது காலி நாற்காலியைப் பார்த்து ஒரு மூச்சு நேரம் ஆட்டத்தை நிறுத்துவார். பிறகு அடுத்தவரிடம் போவார். நாங்கள் யாரும் அதைப் பேசியதில்லை.

அன்று பூதம் அடித்தது. அண்ணன் பகடையைக் கைக்குள்ளேயே வைத்திருந்தார்.

“அத்தான், அதென்ன முட்டையா, அடைகாக்கறீங்க? போடுங்க,” என்றாள் அண்ணியின் தங்கை. அவள்தான் வில்லாளி.

போட்டார். மூன்று. போதாது.

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேசை ஆடிருச்சுப்பா. இன்னொரு தடவ போடு.”

“ஆடல. நீ பூதம், பூதமா இரு.” அண்ணன் பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

தங்கை அம்பு விட்டாள், தவறியது. அடுத்து அண்ணியின் முறை. கடைக்காரர் வழக்கம்போல நிறுத்தினார். பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கி ஆடிக்கொண்டிருந்த சட்டைகள் சட்டென்று அசையாமல் நின்றன. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

பூதம் மறுபடி அடித்தது. அண்ணன் உருட்டினார். ஒன்று.

“போயிட்டீங்க அத்தான்,” என்றாள் தங்கை. அவள் குரலில் கேலி இல்லை.

அண்ணன் பொம்மையை வரைபடத்திலிருந்து தூக்கினார். அடியில் ஒரு நீலப் பொத்தான் இருந்தது.

“பாவம் பாத்து எவன் வெச்சது?” கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டி மறுத்தேன். பொத்தான் டப்பா அலமாரியின்மேல் மூடியபடி இருந்தது.

அண்ணன் பையைத் துழாவினார். பழையது உள்ளேதான் இருந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து விரலால் தடவினார். இரண்டின் ஓரத்திலும் அதே பல் தடம். புதியது ஈரமாக இருந்தது.

தங்கை தன் நாற்காலியை மெதுவாக என் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

கடைக்காரர் இரண்டு பொத்தான்களையும் பார்த்தார். “தடுப்பு அடிய வாங்கிருச்சு,” என்றார். “நீ பொழச்சே.”

அண்ணன் இரண்டு பொத்தான்களையும் பையில் போட்டார். பொம்மையை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

“ஆடு,” என்றார். “அவ முறை வரும்போது கொஞ்சம் கூடுதலா நேரம் குடு. அவ மெதுவாத்தான் யோசிப்பா.”